இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே ஓர் அட்டை

போன மாதம் ஆரணி தொலைபேசியில் அழைத்தாள். நான் தேர்தல் அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றபோது என் மேசைக்கு வந்த பிள்ளை அவள். ஆக்லாந்தில் பிறந்தவள். "அன்ரி, எப்பிடி இருக்கிறீங்கள்?" என்பது வரைக்கும்தான் தமிழ், அதற்குப் பிறகு எல்லாம் ஆங்கிலம். அடுத்த தேர்தலிலிருந்து வாக்களிப்பு கைபேசியிலேயே நடக்கப் போகிறதாம். பின்னறையில் பழைய மறைப்பு அட்டைகள் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கின்றனவாம். அவற்றை மறுசுழற்சிக்கு அனுப்பலாமா என்று கேட்டாள்.

"எல்லாத்தையும் அனுப்பு பிள்ளை. ஒண்டை மட்டும் எடுத்து வை" என்றேன்.

"எதை?"

"மேல் விளிம்பு நசுங்கினது ஒண்டு கிடக்கும், பார்."

அதைத்தானே முதலில் எறிய வேண்டும் என்று அவள் ஆங்கிலத்தில் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

கைபேசி வாக்களிப்பில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. மழையில் நனைந்து, முழங்கால் வலியோடு வரிசையில் நின்றவர்களை வருடக்கணக்காகப் பார்த்தவள் நான். அவர்கள் இனிப் போர்வைக்குள் இருந்தபடியே வாக்களிக்கட்டும். மறைப்பு அட்டையும் பெரிய சாமான் இல்லை. மூன்று மடிப்புள்ள வெள்ளை அட்டை. விரித்து மேசையில் நிறுத்தினால் வாக்காளர் எந்தப் பெயருக்கு நேரே அடையாளமிடுகிறார் என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. அவ்வளவுதான் அதன் வேலை. ஒரே ஒரு அட்டை மட்டும் அதற்கு மேலும் ஒரு வேலை பார்த்தது.

யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்தபோதே தேர்தல் வேலை எனக்குப் பழக்கம். பிறகு போர். பிறகு இந்த ஆக்லாந்து. சான்ட்ரிங்ஹாமில் ஒரு பலசரக்குக் கடையில் பருப்பு நிறுத்துக் கொடுத்தேன். அப்போது ஒரு தேர்தல் நாளுக்குத் தற்காலிக ஆள் தேவை என்றார்கள். ஒரு நாளைக்கு என்று போனவள், தலை நரைத்த பிறகுதான் வெளியே வந்தேன்.

எங்களுடையது ஒரு சின்ன அலுவலகம். பசிபிக்கில் உள்ள ஒரு குட்டித் தீவுப் பிரதேசத்தின் தேர்தலை ஆக்லாந்தில் நடத்திக் கொடுப்பது எங்கள் வேலை. தீவில் இருப்பவர்களைவிட ஆக்லாந்தில் குடியேறியவர்கள் அதிகம். அதனால் தீவின் சபையில் ஆக்லாந்துக்காரருக்கென்று ஓர் இடம் வைத்திருந்தார்கள். தீவின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. அங்கே எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம்; பெயரைச் சொன்னால் நாளைக்கே என் வீட்டு வாசலில் நாலு பேர் நிற்பார்கள். இங்கே நான் சொல்லும் மனிதர்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் வருகிறவர்களில் என்னையும் என் கணவரையும் தவிர ஒருவரும் இரண்டொரு சொல்லுக்கு மேல் தமிழ் பேசவில்லை. எல்லாம் ஆங்கிலம்தான். ஆனால் எனக்கு ஒரு வியாதி. யார் என்ன பாஷையில் பேசினாலும் என் காதுக்குள் யாழ்ப்பாணத்தாராகவே கதைப்பார்கள். காதில் விழுந்தபடியே எழுதுகிறேன்.

என் மேலதிகாரி மிசிஸ் பிள்ளை. பிஜியில் பிறந்தவர், கரும்புத் தோட்டத்துக்குப் போன தமிழர்களின் வழி வந்தவர். தமிழில் அவருக்கு மிஞ்சியிருந்தவை மூன்று சொற்கள்: தண்ணி, சும்மா, போதும். மூன்றையும் அளவாகத்தான் பயன்படுத்துவார். "போதும்" மட்டும் வேலை நேரத்தில் வரும். அது வந்தால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

தேர்தலுக்கு முதல் நாள் மறைப்பு அட்டைகளை அவர் பரிசோதிப்பதைப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றையும் ஜன்னலுக்கு நேரே பிடித்து, ஊசி ஓட்டை ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு அதை மேசையில் நிறுத்தி, பென்சிலோடு தானே பின்னால் நிற்பார். நான் வலது பக்கம் நிற்க வேண்டும், இடது பக்கம் நிற்க வேண்டும், குந்த வேண்டும், எட்டிப் பார்க்க வேண்டும். "பென்சில் தெரியுதோ?" என்பார். தெரிகிறது என்றால் மேசையையே நகர்த்துவார். பென்சில் கட்டிய நூல் இடக்கைக்காரருக்கும் எட்டுகிறதா என்று இடக்கையால் எழுதிப் பார்ப்பார். மூலை மடங்கிய அட்டை, கீறல் விழுந்த அட்டை எதையும் வைத்திருக்கமாட்டார். அன்றே குப்பைக்குப் போகும்.

முகத்துக்கும் அவரிடம் விதி இருந்தது. வாக்காளரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. "ஒருத்தருக்குச் சிரிச்சு மற்றவருக்குச் சிரிக்காமல் விட்டால் அது பிரசாரம்" என்பார். ஆரம்பத்தில் எனக்குக் கடுப்பாக இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் முகம் இளகாமல் நின்று, இவர் "நான் என்ன பிழை விட்டனான்?" என்று கேட்கும் அளவுக்குப் போனது. இவர் என்றால் என் கணவர்.

ஒரு வருடம் தீவுச் சபை ஆக்லாந்துக்கு இன்னோர் இடம் கூட்டிக் கொடுத்தது. முதல் இடத்தில் தாவிதா என்பவர் இருந்தார். ஆக்லாந்தின் ஒனிஹங்காப் பகுதியில் ஒரு பண்டகசாலையில் வேலை. ஆள் கதவை நிறைத்துக்கொண்டு நிற்பார். குரல் மட்டும் மெல்லியது. அவருடைய பதவிக்காலம் இன்னும் முடியவில்லை. இரண்டாவது இடத்துக்குத்தான் தேர்தல். சபை தீவில் கூடும்போது ஆக்லாந்து உறுப்பினர் இரண்டு பேரும் ஒனிஹங்கா மண்டபத்தில் ஒரே கேமராவின் முன்னால், அருகருகே அமர்ந்து கலந்துகொள்ள வேண்டும். அந்தச் சபையில் அதுவரை ஒரு பெண்ணும் இருந்ததில்லை.

அப்போதுதான் மாலியா எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். அவளை எனக்கு முன்பே தெரியும். சான்ட்ரிங்ஹாம் வீதியில் ஓடும் பஸ்ஸின் சாரதி. நான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவதைக் கண்ணாடியில் கண்டால் காத்திருந்து, "ஏறுங்கோ, மணி" என்பாள். அன்று வேலைச் சீருடையோடு வந்து வேட்புமனுப் பத்திரத்தை வாங்கினாள். வாங்கியவள் நிரப்பவில்லை, கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"ஏதும் விளங்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"எல்லாம் விளங்குது. தாவிதா என்ரை அண்ணை" என்றாள்.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டதாக நினைத்தேன். எங்கள் வீடுகளில் இல்லாத அண்ணனா? "அண்ணருக்குப் பயமோ?" என்றேன்.

மாலியா வாய்விட்டுச் சிரித்தாள். "பயமோ? நான் உள்ளுக்குப் போனால் எழும்பி ஓடுறது அவர். எங்கடை வழக்கம் அது. வளர்ந்த பிறகு அண்ணனும் தங்கச்சியும் ஒரு அறைக்குள்ள இருக்கிறேல்லை. தங்கச்சி வந்தால் அண்ணன் எழும்பிப் போக வேணும். இரண்டு பேருக்கும் கேக்கிற மாதிரி உடம்பைப் பற்றியோ பிள்ளைப்பேற்றைப் பற்றியோ ஒருத்தரும் கதைக்கக் கூடாது. இது மரியாதை, மணி. அவர் எனக்குத் தாற மரியாதை. அந்த மரியாதையாலைதான் என்ரை வாய் கட்டிக் கிடக்கு."

தேர்தலில் நிற்க அவளுக்கு ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. தீவில் பிள்ளைப்பேற்றுக்கு வசதி இல்லை. நாள் நெருங்கினால் கப்பலேறி அடுத்த நாட்டுக்குப் போக வேண்டும். அந்தக் கப்பலில் பெண்களுக்கென்று கதவு வைத்த ஓர் அறை இல்லை. தாவிதாவின் மகள் லீசா, அதாவது மாலியாவின் மருமகள், அந்தக் கப்பலின் மேல்தட்டிலேயே பிள்ளை பெற்றாள். லீவில் தீவுக்குப் போயிருந்த மாலியாவும் பக்கத்தில் இருந்தாள். தாயும் பிள்ளையும் தப்பியது கடவுள் புண்ணியம். கப்பலில் பிறந்த பேரன் என்று தாவிதாவுக்குத் தெரியும். எப்படிப் பிறந்தான் என்று தெரியாது. ஆண்களிடம், அதுவும் தகப்பனிடம், யார் போய்ச் சொல்வது?

"சபையில போய் நான் கதவு கேக்க வேணும்" என்றாள் மாலியா. "ஆனால் நான் உள்ளுக்குப் போனால் அவர் வெளியில. அவரும் சனம் தெரிவுசெய்த ஆள். அண்ணனைச் சபையால கலைச்சவள் எண்டு பேர் எடுத்துக்கொண்டு நான் ஒனிஹங்காவில எப்பிடி நடமாடுறது? அவர் போகாமல் இருந்தால் நான் வாயைப் பொத்திக்கொண்டு இருக்க வேணும். பிறகு நான் எதுக்குப் போறன்?"

பத்திரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். மிசிஸ் பிள்ளையிடம், இனிமேல் அவள் ஓட்டும் பஸ்ஸில் நான் ஏறலாமா என்று கேட்டேன். அவர் நன்றாக யோசித்தார். "ஏறலாம். சிரிக்கக் கூடாது" என்றார்.

அன்று மாலை எங்கள் மவுண்ட் ஆல்பர்ட் வீட்டில் இவரிடம் பெயர் சொல்லாமல் அந்த வழக்கத்தை மட்டும் சொன்னேன். இவர் தேத்தண்ணியை வைத்துவிட்டு, "உம்மடை அண்ணர் தலைவராய் இருக்கிற கோயில் சபையில நீர் ஒரு நாளாவது வாய் திறந்தனீரோ?" என்றார்.

"அண்ணர் கதைக்கத் தொடங்கினால் வேற ஆருக்கு அங்கை நேரம் கிடைக்குது?" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். ஆனால் படுத்த பிறகும் மாலியாவின் சொல் மனதை விட்டுப் போகவில்லை. எங்கள் அண்ணன்மார் எங்களைப் பேச விடாமல் இருப்பது வேறு. மரியாதை செய்தே ஒருத்தியின் வாயை அடைக்க முடியும் என்பது எனக்குப் புதிது.

புதிய இடத்துக்கு வாக்களிக்கும் முறையும் புதிது என்பதால், வேட்புமனு முடிவதற்கு முன் ஒனிஹங்கா மண்டபத்தில் ஒரு மாதிரி வாக்களிப்பு வைத்தோம். ஞாயிறு ஆராதனை முடிந்து சனம் வந்தது. வாக்குச்சீட்டில் மனிதர் பெயர் இருந்தால் பிரசாரமாகிவிடும் என்று மிசிஸ் பிள்ளை பழங்களின் பெயர்களைப் போட்டிருந்தார். மாம்பழம், வாழைப்பழம், பப்பாளிப்பழம். பப்பாளிக்காரர்கள் வெளியே நின்று உண்மையாகவே பிரசாரம் செய்தார்கள்.

பஸ் வேலைக்குப் போகும் வழியில் வந்த மாலியா ஒரு மறைப்புக்குள் குனிந்து நின்றாள். அந்த நேரம் பார்த்துத் தாவிதா சீட்டோடு வந்தார். மிசிஸ் பிள்ளைக்கு அந்த வழக்கம் தெரியாது. காலியாக இருக்கும் அடுத்த மறைப்புக்கு அடுத்த ஆளை அனுப்புவது விதி, கையைக் காட்டினார். அது மாலியாவுக்குப் பக்கத்து மறைப்பு. மேசைக்குக் கீழே சாரதிச் சீருடையும் கறுப்புச் சப்பாத்தும் தெரிந்தன. தாவிதா அதைக் கண்டார். மண்டபம் முழுவதும் அவர் கண்டதைக் கண்டது. சமையலறையில் பாத்திரச் சத்தம்கூட நின்றுவிட்டது.

அவர் திரும்பிப் போவார் என்றே நினைத்தேன். போகவில்லை. கொஞ்ச நேரம் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய்த் தன் மறைப்புக்குள் நின்று, அடையாளமிட்டு, மடித்து, பெட்டியில் போட்டுவிட்டுப் பின்கதவால் வெளியேறினார். அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவே ஓர் அட்டையின் தடிப்புத்தான் இருந்தது. மாம்பழம் வென்றது.

மாலியா நேரே என்னிடம் வந்தாள். "அவர் என்னைக் காணேல்லைத்தானே?"

என்ன சொல்வது? மறைப்பின் பக்கம் ஒரு வாக்காளர் நடந்துகொண்டதை நாங்கள் இன்னொருவருக்குச் சொல்லக் கூடாது. பழத்துக்கான வாக்களிப்புக்கும் அது பொருந்துமா என்று மிசிஸ் பிள்ளையைப் பார்த்தேன். அவர் முகமே பொருந்தும் என்றது. நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு நாக்கு அரித்தது.

வேட்புமனு முடியும் நாள் நெருங்கியது. மாலியாவின் பத்திரம் வரவில்லை. சேமு என்ற கணக்காளர் பையன் மட்டும் மனுக் கொடுத்திருந்தான். நல்ல பிள்ளை, நல்ல சட்டை. அந்த வாரம்தான் தாவிதா அலுவலகத்துக்கு வந்தார். தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு நின்றார்.

"உங்கடை அட்டை ஒண்டு இரவல் வேணும். வேட்பாளர் கூட்டத்துக்கு" என்றார்.

நானும் மிசிஸ் பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவர் மெல்லச் சொன்னார். "அம்மா சாகக் கிடக்கேக்கை அண்ணன், தங்கச்சி இரண்டு பேரும் பக்கத்தில இருக்க வேணுமெல்லோ. அப்ப நடுவில திரை மாதிரி ஒரு பாய் தூக்குவினம். பாய் தூக்கினால் அது இரண்டு வீடு. அண்ணன்தான் தூக்க வேணும். எங்கடை அம்மாவுக்கு நான்தான் தூக்கினனான். சாவீட்டுக்கு மட்டும்தான் அது எண்டு நினைச்சுக்கொண்டு இருந்திட்டன். அண்டைக்கு உங்கடை அட்டையைக் கண்ட பிறகுதான் யோசிச்சன்." பிறகு, "தங்கச்சியோடை நேரை இதைக் கதைக்க எனக்கு ஏலாது. ஆராவது அவவின்ரை காதில போடுங்கோ" என்றார்.

என் நெஞ்சு குளிர்ந்தது. அப்போதே தொலைபேசியை எடுக்கப் போனேன். மிசிஸ் பிள்ளை கையை நீட்டித் தடுத்தார்.

"தேர்தல் அலுவலகம் ஒருத்தரைத் தேர்தலில நில் எண்டு சொல்லி ஆள் அனுப்பக் கூடாது. ஒரு வேட்பாளருக்கு அட்டை குடுத்து மற்றவருக்குக் குடுக்காமல் விடவும் கூடாது" என்றார்.

தாவிதாவின் முகம் வாடிவிட்டது. எனக்கு அந்த மனுஷியின் மேல் வந்த ஆத்திரத்தை இன்றைக்கும் சொல்லலாம். ஒரு மனிதன் தன் வழக்கத்தையே வளைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறான். இந்த மனுஷி விதி பேசுகிறார். ஆனால் மிசிஸ் பிள்ளை இன்னும் முடிக்கவில்லை. பின்னறைக்குப் போய் அட்டைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஜன்னலோரம் நின்றார். ஒரு கிளாஸ் தண்ணி குடித்தார். திரும்பி வந்து, "இந்த அட்டை எதுக்கு?" என்று என்னைக் கேட்டார்.

"மற்றவைக்குப் பயப்பிடாமல் ஒரு ஆள் தன்ரை மனசில உள்ளதைக் காட்டுறதுக்கு."

"அப்ப கூட்டத்தில ஒவ்வொரு நாற்காலிக்கும் நடுவில ஒண்டு வைப்பம். எல்லாருக்கும். அதைப் பகிரங்க அறிவித்தலாய் ஒட்டுவம். ஆரும் வாசிக்கலாம்."

அடுத்த நாள் ஒனிஹங்கா மண்டபக் கதவில் நானே ஒட்டினேன். வேட்பாளர் கூட்டத்தில் மேடையில் இருக்கும் அனைவருக்கும் இடையில் மறைப்பு அட்டை வைக்கப்படும். தற்போதைய உறுப்பினரும் அமர்ந்திருப்பார். அவ்வளவுதான். அறிவித்தலை வாசித்த சனம் தலையைச் சொறிந்தது. சேமு தொலைபேசியில் எடுத்து, "எனக்கு எதுக்கு?" என்று கேட்டான். "மற்றவைக்கு இருக்கு. உமக்கும் இருக்க வேணும்" என்றார் மிசிஸ் பிள்ளை.

மாலியா அன்று மாலையே அலுவலகத்துக்கு வந்தாள். பத்திரம் நிரப்பியிருந்தது. கண் சிவந்திருந்தது. "அப்ப அவர் என்னைக் கண்டவர்தான்" என்றாள். முத்திரையைக் குத்தினேன். சிரிக்கவும் இல்லை. அதைப் போல ஒரு கஷ்டமான வேலையை என் வாழ்நாளில் நான் செய்ததில்லை.

கூட்டத்தன்று மண்டபம் நிறைந்து வழிந்தது. சீட்டுக் குலுக்கியதில் சேமுவுக்கு ஓரம், மாலியாவுக்கு நடு, தாவிதாவுக்கு மற்ற ஓரம். நீள மேசையில் அட்டைகளை விரித்து நிறுத்தினோம். அந்தத் தீவில் மரியாதைக்குரிய பேச்சை இருந்துகொண்டுதான் பேசுவார்கள். ஆகவே அட்டையின் உயரம் போதும். ஒவ்வொரு வேட்பாளருக்கும் இரண்டு பக்கமும் அட்டை என்பதால் சேமுவுக்கும் சுவருக்கும் நடுவிலும் ஒன்று நின்றது. அந்தப் பிள்ளை கடிவாளம் போட்ட குதிரை மாதிரி நேரே பார்த்துக்கொண்டு இருந்தான்.

தாவிதா உள்ளே வந்தார். மாலியா ஏற்கெனவே இருந்தாள். அவர் போய்த் தன் நாற்காலியில் அமர்ந்தார்.

முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழும்பிவிட்டார். "இது என்ன விளையாட்டு? பாய் எண்டால் பாய். கடதாசி மட்டையை வைச்சு வழக்கத்தை ஏமாத்தலாமோ?" சிலர் ஆமோதித்தார்கள். அவர் விடாமல் பேசிக்கொண்டே போனார். மிசிஸ் பிள்ளை எழும்பி, சுத்தத் தமிழில், "போதும்" என்றார். அந்த மண்டபத்தில் அவரை விட்டால் அச்சொல்லுக்குப் பொருள் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆனால் பெரியவர் அமர்ந்துவிட்டார்.

சேமு பேசினான். நன்றாகத்தான் பேசினான். பிறகு மாலியா. கப்பலைப் பற்றித் தொடங்கினாள். எண்ணெய்ப் பீப்பா எங்கே, அரிசி மூட்டை எங்கே, பெண்கள் எங்கே இருப்பார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். "லீசா ஏறினபோது" என்று ஆரம்பித்தாள். அந்த நேரம் யாரோ பின்கதவைத் திறந்தார்கள். மானுகாவ் துறைமுகத்துக் காற்று மண்டபத்துக்குள் நுழைந்தது. அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவில் நின்ற அட்டை சரிந்து மேசையில் விழுந்தது.

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடிய தூரத்தில் இருந்தார்கள். மாலியா தலையைக் குனிந்துகொண்டாள். பேச்சு நின்றுவிட்டது. முன்வரிசைப் பெரியவர், "வீடு விழுந்திட்டுது" என்றார். மெல்லத்தான் சொன்னார். எல்லாருக்கும் கேட்டது. தாவிதா எழும்பினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எழும்பினால் போய்விடுவார், போனால் மாலியா இனி ஒரு நாளும் இந்த மேசைக்கு வரமாட்டாள்.

அவர் போக எழும்பவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, ஒரு கையை நீட்டி அட்டையைத் தேடி எடுத்தார். நிமிர்த்தினார். மேல் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கையை நீட்டியபடியே திரும்பவும் அமர்ந்தார். பிறகு தங்கள் மொழியில் சபையைப் பார்த்து ஒரு வசனம் சொன்னார். என்ன சொன்னார் என்று பக்கத்தில் இருந்த பெண்ணைக் கேட்டேன். "பாயை நான் பிடிச்சிருக்கிறன், கதைக்கச் சொல்லுங்கோ எண்டு சொல்லுறார்" என்றாள் அவள். அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

மாலியா கதைத்தாள்.

"லீசா ஏறினபோது வலி தொடங்கியிருக்கேல்லை. நடுக்கடலில தொடங்கினது. அறை இல்லை. கதவு இல்லை. சுற்றிவர ஆம்பிளையள். நாங்கள் பெண்கள் உடுத்திருந்த துணியை அவிட்டு அவளைச் சுற்றிப் பிடிச்சுக்கொண்டு நிண்டம். வெயில். காத்துத் துணியைப் பறிச்சுக்கொண்டு போகும். திரும்பப் பிடிப்பம். கை மரத்துப்போகும். கையை விட்டால் அவளை எல்லாரும் பாப்பினம். பிள்ளை அழுகிற சத்தம் கேக்கிற வரைக்கும் விடேல்லை. என்ரை வலக்கை இப்பவும் உயராது. பஸ் ஓட்டேக்கை இடக்கையாலதான் கதவைத் திறக்கிறனான். எனக்கு வேற ஒண்டும் வேண்டாம். அந்தக் கப்பலுக்கு ஒரு கதவு வேணும்."

அவள் பேசி முடிக்கும்வரை தாவிதாவின் கை அட்டையை விடவில்லை. காற்று வந்துகொண்டுதான் இருந்தது. ஒருவருக்கும் கதவைச் சாத்த எழும்பத் தோன்றவில்லை. அட்டை நடுங்கியது. முகம் சுவரைப் பார்த்தபடி இருந்தது. தன் மகளின் கதையை அந்தத் தகப்பன் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டார். அவருடைய கன்னம் நனைந்திருந்ததை மேடைக்குப் பக்கத்தில் இருந்த நான் கண்டேன். இதை இங்கே சொல்வது எந்த விதிக்கும் எதிரில்லை என்று நினைக்கிறேன்.

முன்வரிசைப் பெரியவர் எழும்பிப் போய்ப் பின்கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

மாலியா வென்றாள். ஆனால் கதவு உடனே வந்துவிடவில்லை. முதலில் ஒரு திரைச்சீலை போட்டார்கள். அதைக் கேட்டு மாலியா கத்திய கத்தலில் தீவின் இணைப்பே துண்டாகிவிட்டதாகச் சொல்வார்கள். பிறகு பலகைத் தட்டி வந்தது. கடைசியில், உள்ளிருந்து பூட்டக் கூடிய கதவு வந்தது. அந்தத் தீர்மானத்தைச் சபையில் கொண்டுவந்தவர் தாவிதா. ஒனிஹங்கா மண்டபத்தில் இப்போது உண்மையான பாய் தொங்குகிறது. அவரே முடையக் கொடுத்து, அவரே தூக்கியது. அடுத்தடுத்த தேர்தல்களில் வேறு பெண்களும் வந்தார்கள். போன முறை தீவிலிருந்தே ஒருத்தி தெரிவானாள். அவளுடைய அண்ணன் தன் பாயைத் தானே தோளில் சுமந்து சபைக்கு வந்தானாம்.

கூட்டம் முடிந்த அன்று அட்டைகளை அடுக்கும்போது மிசிஸ் பிள்ளை அந்த அட்டையைக் கையில் எடுத்தார். மேல் விளிம்பில் விரல்களின் தடம் நசுங்கிக் கிடந்தது. விதிப்படி குப்பைக்குப் போக வேண்டியது. ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "ஓட்டை இல்லை" என்றார். மற்ற அட்டைகளுக்கு நடுவில் வைத்துவிட்டு விளக்கை அணைத்தார். அவர் ஓய்வு பெறும்வரை, பிறகு நான் ஓய்வு பெறும்வரை, ஒவ்வொரு தேர்தலிலும் அதன் பின்னால் நின்று சனம் வாக்களித்தது.

நேற்று நகரத்துக்குப் போய் ஆரணியிடம் அதை வாங்கிக்கொண்டு வந்தேன். கதை முழுவதும் கேட்ட பிறகு, அதை ஒரு பெரிய உறையில் போட்டுத் தரவா என்று கேட்டாள். வேண்டாம் என்று கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். ஒனிஹங்கா பஸ் வந்தது. மாலியாதான் ஓட்டி வந்தாள். சபை உறுப்பினர் என்றாலும் வீட்டு வாடகையை யார் கட்டுவது? இடக்கையால் கதவைத் திறந்தாள். நான் இப்போது ஓய்வு பெற்றவள். பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன்.

"உதை எங்கை கொண்டு போறியள்?"

"உங்கடை மண்டபத்துக்கு. பாய்க்குப் பக்கத்தில வைக்கட்டும்."

மாலியா அந்த நசுங்கிய விளிம்பைப் பார்த்தாள். பின்னால் ஒருத்தர் ஏறக் காத்துக்கொண்டு நின்றார். அவள் அவசரப்படவில்லை.

"தாவிதா இப்ப அங்கைதான் நிக்கிறார்" என்றாள். "அவரிட்டைக் குடுங்கோ. பிடிச்சுப் பழகின கை."